ரேஸ் டென்ஷனரும் என் ரோட்டு மோட்டாரும்

சத்தத்தை முதலில் பிடித்தது அம்மாதான். விடியற்காலை ஐந்தேகால் மணி. வாசலில் மோட்டாரை, அதாவது என் மோட்டார் சைக்கிளை, ஸ்டார்ட் செய்து சூடேற்றிக்கொண்டிருந்தேன். சமையல்கட்டு ஜன்னல் வழியாகக் கேட்டார்: "ஏன்யா, டின்னுல சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்குற மாதிரி சத்தம் வருதே, உனக்குக் கேக்கலயா?"

எனக்கும் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இஞ்சின் சூடானதும் போய்விடுகிறதே என்று விட்டிருந்தேன்.

என்னுடையது யமஹா ஒய்15. மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீடு, ஈப்போ தாசேக்கில் வேலை. கந்தான், செம்மோர் வழியாகப் பழைய சாலையில் போகவர தினமும் 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஞாயிற்றுக்கிழமையில் மாமா வீட்டுக்கு லிந்தாங் பக்கம் தோட்டத்துக்குப் போவேன். செம்பனை (எண்ணெய்ப் பனை) லோரிகள் ஓடிக் குழி விழுந்த செம்மண் ரோட்டில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் உருட்டிக்கொண்டு போகவேண்டும். அப்போது மீட்டரில் 78,000 கிலோமீட்டர். அதற்கு முந்தின இரண்டு வருடம் ஓவர்டைம் அதிகம், ஆயில் மாற்ற வேண்டிய நாளைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். அது என் தவறு. பின்னால் நடந்ததற்கெல்லாம் ஆரம்பம் அங்கேதான்.

அந்தச் சத்தம் டைமிங் செயினுடையது. வெளியே பின் டயரைச் சுற்றும் செயின் இல்லை. இஞ்சினுக்குள்ளே, பிஸ்டன் சுற்றிவிடும் கிராங்கிலிருந்து மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் வரை ஓடும் சின்னச் செயின். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. வால்வுகள் எந்த நேரத்தில் திறக்க வேண்டும், எந்த நேரத்தில் மூட வேண்டும் என்பதெல்லாம் இந்தச் செயினின் பிடியில் இருக்கிறது. ஒரு பக்கம் கிராங்க் இழுப்பதால் விறைப்பாக நிற்கும், மறுபக்கம் தொய்வாக வரும். தொய்வான பக்கத்தில் கறுப்பு நிறத்தில் வளைந்த பட்டை ஒன்று செயினை அணைத்தபடி இருக்கும். கடையில் அதை கைட் என்பார்கள். அந்த கைட்டைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடிப்பதுதான் டென்ஷனர். சிலிண்டர் பக்கத்தில் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும், கட்டைவிரல் நீளத்தில் ஓர் உருப்படி.

கம்பெனி போட்டு வரும் டென்ஷனர் தானாகவே வேலை செய்யும். ஒய்15-ல் இருப்பது போன்ற வகையில் உள்ளே ஒரு சுருள் ஸ்பிரிங், மரை போட்ட ஒரு கம்பி. செயின் தேயத் தேய ஸ்பிரிங் அந்தக் கம்பியைத் திருகி முன்னால் தள்ளும். மரையின் சரிவு குறைவாக இருப்பதால் செயின் திருப்பி உதைத்தாலும் கம்பி பின்னால் போகாது. வேறு சில மோட்டார்களில் பல் பல்லாக முன்னேறும் வகை இருக்கும், பெரிய மோட்டார்களில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் வகையும் உண்டு. எதுவானாலும் நோக்கம் ஒன்றுதான்: ஓட்டுகிறவன் அந்தச் செயினைப் பற்றி நினைக்காமலே ஓட்ட வேண்டும்.

த்ரோட்டலை விடும்போதுதான் டென்ஷனருக்கு நிஜமான சோதனை. முறுக்கிக்கொண்டு போகும்போது கிராங்க் செயினை ஒரே சீராக இழுக்கிறது. விட்டவுடன் நிலைமை மாறுகிறது. வால்வு ஸ்பிரிங்குகள் கேமை முன்னால் உந்துகின்றன, விறைப்பாக இருந்த பக்கம் தளர்கிறது, தொய்வுப் பக்கம் சாட்டை மாதிரி உதறி கைட்டை அடிக்கிறது. அந்த அடியெல்லாம் டென்ஷனர் கம்பியின் முனையில்தான் விழும். அது பழசாகி மரை தேய்ந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். அதனால்தான் டைமிங் செயின் சத்தம் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கேட்கும், இல்லையென்றால் த்ரோட்டலை விடும்போது கேட்கும். என் மோட்டாரில் இரண்டு நேரத்திலும் கேட்டது.

வேலையிடத்தில் கூட இருக்கும் ஒரு தம்பி சனிக்கிழமைகளில் ஸ்பிரிண்ட் பந்தயத்துக்குப் போகிறவன். விஷயத்தைச் சொன்னதும் அவன் யோசிக்கவே இல்லை. "அண்ணே, பழசைத் தூக்கிப் போட்டுட்டு மேனுவல் டென்ஷனர் போடுங்க. ரேஸ் மோட்டார்ல எல்லாம் அதுதான். ஒரு தடவ டைட் பண்ணா அசையாது."

மேனுவல் டென்ஷனர் என்றால் ஸ்பிரிங்கே கிடையாது. அலுமினியத்தில் கடைந்த ஓர் உடம்பு, நடுவில் ஒரு நீள போல்ட், அதைப் பூட்ட ஒரு லாக் நட்டு. அவ்வளவுதான். நீல நிறமும் தங்க நிறமும் பூசிக் கடையில் தொங்கவிட்டிருப்பார்கள். நான் 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒன்று வாங்கினேன். கம்பெனி டென்ஷனர் அதைவிட விலை அதிகம், அதோடு ஆர்டர் கொடுத்து இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். இதுவோ கையிலேயே கிடைத்தது. பார்க்கவும் திடமாக இருந்தது.

டவுனில் ஒரு கடையில் மாட்டினோம். பழையதைக் கழற்றிப் புதியதை வைத்து, ஸ்பேனரால் போல்ட்டை உள்ளே ஓட்டினான் கடைப்பையன். சத்தம் நின்றது. அதோடு நிறுத்தாமல் இன்னும் அரைச் சுற்றுக்கு மேலே இழுத்து லாக் நட்டைப் பூட்டினான். மொத்த வேலையும் இருபது நிமிடத்தில் முடிந்தது. அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், பக்கத்தில் நின்ற நானும் "நல்லா டைட்டா வை தம்பி" என்றுதான் சொன்னேன்.

மறுநாள் காலை அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மோட்டார் அமைதியாக இருந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்துத்தான் இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. குலுக்கும் சத்தம் இல்லை, ஊளையிடுவது மாதிரி மெல்லிய ஒரு 'ஊ...' சத்தம். வேகம் கூடக் கூட அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். செம்மோர் தாண்டி நாலாவது கியரில் ஒரே சீராகப் போகும்போது நன்றாகக் கேட்டது. கிக் மிதித்தால் முன்பைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. இரண்டையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டென்ஷனர் சரியாக இறுக்கமாக இருக்கிறது, அந்தச் சத்தம்தான் இது என்று நினைத்தேன். இதைப் படிக்கிறவர்கள் மறக்கக் கூடாத ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான். தளர்ந்த செயின் சத்தம் போட்டு நம்மைக் கூப்பிடும். அதிகம் இறுகிய செயின் அமைதியாகவே தேயும். சத்தம் நின்றதை வைத்துக் கோளாறு தீர்ந்ததென்று முடிவு செய்துவிடாதீர்கள்.

நாலாவது மாதம் ஆயில் மாற்றும்போது விஷயம் வெளியே வந்தது. இந்தத் தடவை டவுன் கடைக்குப் போகவில்லை, எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கும் ஓர் அண்ணனிடம் போனேன். தோட்டத்துப் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கித்தாக் (ரப்பர்) காலத்தில் தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர், தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் மோட்டார், டிராக்டர் எல்லாம் அவர் கையில்தான் ஓடின. தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் காலியாகி, தாமானுக்குக் குடிவந்த பிறகும் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் வேலை பார்க்கிறார். ஆயிலை வெறுமனே டின்னில் கொட்டிவிட மாட்டார். பழைய டீ வடிகட்டி ஒன்று வைத்திருக்கிறார், அதில்தான் வடிப்பார்.

வடிகட்டியின் அடியில் கறுப்பாகச் சின்னச் சின்ன சீவல்கள் நின்றன. நகம் வெட்டிப் போட்ட மாதிரி. அவர் ஒன்றை எடுத்து விரலால் மடித்தார், ரப்பர் மாதிரி மடிந்தது. "இது இரும்பு இல்ல தம்பி. கைட்டு. எவன் உனக்கு மேனுவல் போட்டது?" என்றார். அவர் இன்னும் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சிலிண்டருக்கு மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றி கைட்டை வெளியே எடுத்தோம். செயின் ஓடிய இடத்தில் இரண்டு பள்ளம். கித்தா மரத்தில் உளி பட்ட தடம் மாதிரி ஆழமாக, ஓரம் கூர்மையாக இருந்தன. டென்ஷனர் போல்ட்டின் முனை தொட்ட பின்பக்கத்தில் ஒரு பொட்டுக் குழி. கம்பெனி டென்ஷனரின் முனை அகலமாக, உருண்டையாக இருக்கும். நான் வாங்கியதில் வெறும் போல்ட் முனைதான், அது கைட்டின் முதுகில் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. புதுச் செயினை என் பழைய செயினோடு சேர்த்துத் தொங்கவிட்டுக் காட்டினார். பழையது அரைக் கண்ணிக்குக் கிட்ட நீண்டிருந்தது. அந்தத் தேய்மானம் எல்லாம் நாலு மாதத்தில் வந்ததில்லை, ஆயில் தள்ளிப்போட்ட இரண்டு வருடமும் அதில் இருந்தது. ஆனால் கைட்டின் பள்ளம் நாலு மாதக் கணக்கு.

அப்புறம் அவர் கேட்ட கேள்வி ஒன்று. "இஞ்சின் குளுந்து கெடக்கும்போதா டைட் பண்ணுனாங்க?" ஆமாம் என்றேன். "அப்ப சூட்டுல என்ன ஆகும்னு யாராச்சும் யோசிச்சீங்களா?"

இதை வீட்டுக்கு வந்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிலிண்டரும் ஹெட்டும் அலுமினியம், செயின் எஃகு. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கிராங்கிலிருந்து கேம் வரை 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலைக் குளிர்ச்சியிலிருந்து 60 டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் அந்த உயரத்தில் 0.2 மில்லிமீட்டர் வளர்கிறது, செயின் 0.1 தான் வளர்கிறது. மிச்சம் 0.1 மில்லிமீட்டருக்குச் செயின் இழுபடுகிறது. செயினுக்கு இரண்டு பக்கம், ஆக 0.2. இது மயிரிழைதானே என்று தோன்றும். ஆனால் சாதாரண 8 மில்லிமீட்டர் போல்ட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் 1.25 மில்லிமீட்டர் நகரும், கால் சுற்று 0.3 மில்லிமீட்டர். என் போல்ட்டைச் சத்தம் நின்ற பிறகும் அரைச் சுற்றுக்கு மேல் இழுத்திருந்தார்கள். அதன் மேல் தினமும் சூடு வேறு. ஸ்பிரிங் என்றால் இப்படி அளவுக்கு மீறி இழுத்து வைக்காது. போல்ட்டுக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது.

சூட்டில் சரியாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். அப்படி வைத்தால் காலைக் குளிரில் தளர்ந்து நிற்கும். அதனால் மேனுவல் டென்ஷனரில் எந்நேரமும் பொருந்துகிற ஒரு நிலை கிடையாது. குளிர்ச்சியில் கொஞ்சம் தொய்வு, சூட்டில் சரியாக என்று ஒரு நடுநிலையைத்தான் பிடிக்க முடியும். அதுவும் செயின் தேயத் தேய நழுவிக்கொண்டே போகும்.

அப்படியென்றால் ரேஸ்காரர்கள் ஏன் போடுகிறார்கள்? அவர்களுக்கு அதில் நியாயம் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பந்தய இஞ்சினில் கேம் பெரிசு, வால்வு ஸ்பிரிங் கடினமானது, சுற்றும் அதிகம். வளைவுக்கு முன்னால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கியர் இறக்குவார்கள். அப்போது செயின் திருப்பி உதைக்கும் உதையில் தானியங்கி டென்ஷனரின் ஸ்பிரிங் துள்ளும். கம்பி பின்வாங்கினால் வால்வின் நேரம் தடுமாறும். பல் பல்லாக முன்னேறும் வகையாக இருந்தால், செயின் உதறி ஒரு கணம் இடம் கிடைத்தவுடன் ஒரு பல் கூடுதலாக ஏறிப் பூட்டிக்கொள்ளும், திரும்பி வராது. அசையாத ஒரு போல்ட் அங்கே நிம்மதி. ஆனால் பந்தய மெக்கானிக் அந்தப் போல்ட்டை மாட்டிவிட்டு மறந்துவிடுவதில்லை. 1994-லிருந்து இங்கே நடக்கும் கப் பிரி மாதிரிப் பந்தயங்களில் ஓடும் கப்சாய்களை, அதாவது சின்ன மோட்டார்களை, யோசித்துப் பாருங்கள். பந்தயத்துக்குப் பந்தயம் இஞ்சினைத் திறக்கிறார்கள், செயினை மாற்றுகிறார்கள், கைட்டைப் பார்க்கிறார்கள். ஸ்பிரிங் செய்த வேலையை அங்கே ஒரு மனிதன் செய்கிறான். நம் மோட்டாரில் அதைப் போட்டால் அந்த ஸ்பிரிங் இனி நாம்தான். தினமும் பத்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவனால் அது முடியுமா என்று கேட்டுக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

இது புதுச் சங்கதியும் இல்லை. 1969-ல் வந்த ஹோண்டா சிபி750-ல் ஓட்டுகிறவனே குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை பூட்டைத் தளர்த்துவான், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் செயினைத் தேவையான அளவு தள்ளும், மறுபடி பூட்டிவிடுவான். இறுக்கத்தின் அளவை அங்கேகூட ஸ்பிரிங்தான் முடிவு செய்தது, மனிதன் கை இல்லை. இதை அந்த அண்ணன் சொன்னபோது எனக்கு நிறைய விளங்கியது. அப்பாவின் பழைய ஹோண்டா இஎக்ஸ்5-லும் அடியிலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளும் கம்பிதான், அது எத்தனையோ வருடம் யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓடியது.

என் செலவு செயின், கைட் இரண்டு, கேஸ்கெட், கம்பெனி டென்ஷனர் எல்லாம் சேர்த்து 400 வெள்ளியை நெருங்கியது. அண்ணன் கூலியாக வாங்கியது சொற்பம். நேரத்தில் பார்த்ததால் இவ்வளவோடு போயிற்று.

என் மச்சானுக்கு அப்படிப் போகவில்லை. அவர் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஆறு மணிக்குப் பெரட்டில் (காலைப் பேர் கணக்கெடுப்பில்) நிற்க வேண்டும், மோட்டார் இல்லையென்றால் வேலை இல்லை. யமஹா எல்சி135 வைத்திருக்கிறார். என்னைப் பார்த்துத்தான் அவரும் மேனுவல் மாட்டினார் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவருடையது என்னுடையதற்கு நேர்மாறு. செம்மண் ரோட்டுக் குலுக்கலில் லாக் நட்டு தளர்ந்து, போல்ட் தானாக வெளியே வர ஆரம்பித்திருக்கிறது. போல்ட்டைச் சுற்றி ஆயில் கசிந்தது, புழுதி ஒட்டிக் கறுப்பாக இருந்தது. அவர் அதைத் துடைத்துவிட்டு ஓட்டினார். சத்தமும் இருந்திருக்கிறது. ஒரு நாள் காலையில் கிளம்பி ஒரு மேட்டில் இறங்கும்போது த்ரோட்டலை விட்டார், 'டக்' என்று ஒரு சத்தம், இஞ்சின் நின்றது. செயின் பல்லைத் தாண்டியிருந்தது. வால்வின் நேரம் தப்பி எக்சாஸ்ட் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிட்டது. மோட்டாரைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நாலு நாள் சம்பளமும் போயிற்று, ஹெட் வேலைக்கு என்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் செலவும் ஆனது.

இரண்டு மோட்டாரையும் பிரித்துப் பார்த்த பிறகு இப்போது எனக்குச் சத்தம் கேட்டால் நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் அது டைமிங் செயின்தானா என்று பார்ப்பேன். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினால் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெளிவாகத் தெரியும். சுற்றும் பாகங்களிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். வால்வு இடைவெளி கூடியிருந்தால் ஹெட்டின் மேலே 'டிக் டிக்' என்று தாளம் தப்பாமல் தட்டும், த்ரோட்டலை விட்டாலும் பிடித்தாலும் அதே தாளம்தான். கிளட்ச் சத்தம் கிளட்சைப் பிடித்தால் மாறும். எக்சாஸ்டின் மேல் தகடு தளர்ந்திருந்தாலும் டைமிங் செயின் மாதிரியே ஏமாற்றும், ஒரு குச்சியால் அழுத்திப் பார்த்தால் நின்றுவிடும். இதையெல்லாம் பார்க்காமல் டென்ஷனரை மாற்றிக் காசை வீணாக்கியவர்கள் எங்கள் தாமானிலேயே உண்டு.

டைமிங் செயின்தான் என்று தெரிந்தால் டென்ஷனரைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடிவில் மேலே நிறுத்தி, மேக்னட் பக்கம் குறி நேராக இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். டென்ஷனர் வெளியே இருக்கும்போது கிராங்கைச் சுற்றவே கூடாது, கிக்கில் கால் படவும் கூடாது. செயினைப் பிடிக்க அப்போது ஒன்றும் இல்லை, பல் தாண்டிவிடும். கழற்றிய டென்ஷனரின் கம்பியை முழுதாக வெளியே வரவிட்டு, முனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்லதாக இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது. கழற்றிப் போட்ட என் பழையதைப் பின்னால் அழுத்திப் பார்த்தபோது, தேங்காய்ப்பூவை அழுத்துவது மாதிரி சத்தமில்லாமல் உள்ளே போனது. அன்றைக்கே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் கம்பெனி டென்ஷனர் ஒன்றோடு விஷயம் முடிந்திருக்கும்.

திரும்ப மாட்டும்போது ஒய்15 மாதிரி வகையில் பின்னால் இருக்கும் சின்ன மூடி போல்ட்டைக் கழற்றி, மெல்லிய ஸ்குரூ டிரைவரை விட்டு வலப்பக்கம் திருகினால் கம்பி உள்ளே போகும். அப்படியே பிடித்துக்கொண்டு இரண்டு போல்ட்டையும் இறுக்கிய பிறகுதான் விட வேண்டும். கம்பி வெளியே நீண்டபடி வைத்து போல்ட்டால் இழுத்து இறுக்கினால், கையால் கெடுத்த மேனுவலைவிட மோசமாகச் செயின் இறுகும், உடம்பும் விரிசல் விடலாம். பல் வகை டென்ஷனருக்கும் இதே பேச்சுதான்: அரைகுறையாகத் தளர்த்திவிட்டு மறுபடி இறுக்கக் கூடாது, முழுதாகக் கழற்றிக் கம்பியை உள்ளே தள்ளித்தான் மாட்ட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் மேனுவல்தான் வேண்டும் என்கிறவர்கள் இருப்பார்கள். கேம் மாற்றியிருக்கலாம், ட்ராக்குக்குப் போகிறவராக இருக்கலாம். அவர்கள் முனை அகலமாக இருக்கும் டென்ஷனராகப் பார்த்து வாங்க வேண்டும், மரை வழியே ஆயில் கசியாமல் ஓரிங் என்கிற ரப்பர் வளையமோ சீல் வாஷரோ இருக்க வேண்டும். குளிர்ந்த இஞ்சினில் ஸ்பேனர் இல்லாமல் விரலால் மட்டும் போல்ட்டைத் திருகுங்கள். கைட்டைத் தொட்டவுடன் விரலுக்கே தெரியும், மெத்தென்று ஒரு தடை. அங்கே நிறுத்தி லாக் நட்டைப் பூட்டுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, இஞ்சின் ஓடும் திசையில் கிராங்கை இரண்டு சுற்றுக் கையால் சுற்றி, குறி சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். லேசாகக் குலுக்கல் கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அரைக்கால் சுற்று உள்ளே. கேட்டுப் பாருங்கள். தேவையானால் இன்னொரு அரைக்கால். சத்தம் போன இடத்தில் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட வேண்டாம். லாக் நட்டைப் பூட்டும்போது போல்ட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நட்டோடு சேர்ந்து அதுவும் உள்ளே ஓடிவிடும். ஓடும் இஞ்சினில் போல்ட்டை வெளியே எடுக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வந்து கேளுங்கள். ஊளைச் சத்தம் இருந்தால் இறுக்கம் அதிகம், இஞ்சினை நிறுத்தி ஆறவிட்டுக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். காலையில் முதல் ஒரு நிமிடம் மெல்லிய குலுக்கல் கேட்டுச் சூட்டில் மறைந்தால் அது பரவாயில்லை. எல்லாம் முடிந்த பிறகு நட்டுக்கும் உடம்புக்கும் சேர்த்து வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும். மச்சானின் மோட்டாரில் அந்த ஒரு கோடு இருந்திருந்தால் வால்வு பிழைத்திருக்கும்.

ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டைமிங் செயினுக்கு வேறு எண்ணெய் கிடையாது, இஞ்சின் ஆயில்தான் அதற்குச் சோறும் தண்ணியும். மினியாக் ஹித்தாம் என்கிற இந்த ஆயிலை மாற்ற நாள் தள்ளினால் முதலில் தேய்வது இந்தச் செயினின் ஊசிகள்தான். நான் இப்போது கேரியர் பெட்டிக்குள் ஒரு ஸ்டிக்கரில் கிலோமீட்டரை எழுதி ஒட்டியிருக்கிறேன். டீ வடிகட்டியும் ஒன்று வாங்கிவிட்டேன்.

இப்போது மீட்டரில் 1,12,000. கம்பெனி டென்ஷனர்தான் இருக்கிறது, காலையில் அம்மா ஜன்னலைத் திறப்பதில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறான், முதல் மோட்டார். கையில் தங்க நிற டென்ஷனர், பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. "அங்கள், இத மாட்டித் தர்றீங்களா? கடையில முப்பது வெள்ளி கூலி கேக்குறாங்க."

மாட்டுகிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அலமாரியில் துணியில் சுற்றி வைத்திருந்த என் பழைய கைட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அந்தப் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அவன் மோட்டாரை நிழலில் நிறுத்தி, பிஸ்டனை மேலே கொண்டுவந்து, கம்பெனி டென்ஷனரைக் கழற்றினோம். கட்டைவிரலால் அழுத்தச் சொன்னேன். இரண்டு கையாலும் அழுத்தினான், அசையவில்லை. சத்தம் எக்சாஸ்ட் தகட்டிலிருந்து வந்தது. ஒரு சின்ன போல்ட்டும் வாஷரும் போட்டு இறுக்கினோம்.

பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் கடையில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டான். பிரிக்கவில்லையே, கேட்டுப் பார் என்றேன். சாயங்காலமே ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் ஒரு போத்தல் ஆயில் வாங்கிக்கொண்டு வந்தான்.